மேகத்துக்குள் ஆறு மாதக் கணக்கு

சைக்கிள் மிதிக்கக் கற்றவனுக்கு அது மறக்காது என்பார்கள். மேகத்துக்குள் விமானம் ஓட்டுவது அந்த ரகம் அல்ல. வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டால் உடம்பு பொய் சொல்லத் தொடங்கிவிடும். விமானம் சாய்ந்து சுழன்றுகொண்டிருக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ நேராகத்தான் போகிறோம் என்று சாதிக்கும். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தார்கள். வெளிக்காட்சி மறைந்த பிறகு விமானம் அவர்கள் கட்டுக்குள் இருந்தது சராசரியாக 178 விநாடி.

உடம்பை நம்பாதே, கருவியை நம்பு என்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை. அதைச் செய்து காட்டியவர் ஜிம்மி டூலிட்டில். 1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க்கை அடுத்த மிட்செல் ஃபீல்டில், மூடப்பட்ட காக்பிட்டுக்குள் இருந்தபடியே ஏறினார், சுற்றினார், இறங்கினார். முன் இருக்கையில் பென் கெல்சி என்ற அதிகாரி, ஓட்டுவது தானல்ல என்று எல்லோருக்கும் தெரியும்படி கைகளை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று அமெரிக்காவில் கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிந்து பயிற்சி செய்யும் விமானியின் பக்கத்தில் அமரும் பாதுகாப்பு விமானி, கெல்சி வழி வந்தவர்தான்.

இந்தத் திறமை துருப்பிடிக்கும் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. அமெரிக்க விதிப்படி, முந்தைய ஆறு காலண்டர் மாதங்களுக்குள் ஆறு முறை கருவி வழியாக ஓடுபாதையை அணுகியிருக்க வேண்டும். ஓரிடத்தில் வட்டமிட்டுக் காத்திருக்கும் ஹோல்டிங்கையும், குறித்த பாதையைப் பிடித்துத் தொடர்வதையும் செய்திருக்க வேண்டும். ஜனவரி முதல் தேதி செய்ததும் 31ஆம் தேதி செய்ததும் ஜூலைக் கடைசி வரை செல்லும். அதற்குள் முடிக்காதவர், அடுத்த ஆறு மாதத்துக்குள் பாதுகாப்பு விமானியோடு பயிற்சி செய்து சரிக்கட்டலாம். அதுவும் போனால் மறுபடி தேர்வு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இந்தக் கணக்குக்கு விமானத்தின் வகுப்பு, அதாவது எஞ்சின் ஒன்றா இரண்டா, இறங்குவது நிலத்திலா நீரிலா என்பது, ஒரு பொருட்டே இல்லை. வேறு இனமான ஹெலிகாப்டரில் செய்தது செல்லாது. ஆனால் ஒற்றை எஞ்சின் செஸ்னா 172இல் செய்த ஆறும், இரட்டை எஞ்சின் பாரனுக்கும் செல்லும். மிதவை பூட்டிய கடல் விமானத்துக்கும் செல்லும். தேர்வும் அப்படியே.

இதில் பாதி நியாயம் உண்டு. கருவி விட்டு கருவி ஓடும் கண்ணின் பழக்கம் எந்த விமானத்துக்கும் பொதுதான். அதுகூட முழு உண்மை அல்ல, கருவியே மாறலாம். 1959 பிப்ரவரியில் பாடகர் பட்டி ஹாலி இறந்த விபத்தின் விமானிக்குக் கருவித் தகுதி கிடையாது. அந்த விமானத்தில் இருந்த கருவியோ, மூக்கின் ஏற்ற இறக்கத்தை வழக்கமான கருவிக்கு நேர்மாறாகக் காட்டும் வகை என்று விசாரணை அறிக்கை எடுத்துச் சொன்னது.

கையும் காலும் பொது அல்ல. செஸ்னாவில் 90 நாட் வேகத்தில், நிமிடத்துக்கு 450, 500 அடி என்று நிதானமாக இறங்கிப் பழகியவர், பாரனில் 120 நாட்டில் 600 அடிக்கு மேல் இறங்க வேண்டும். இது சமாளிக்கக்கூடியதே. அந்த நேரத்தில் வலது எஞ்சின் நின்றால்? மூக்கு வலப்பக்கம் ஓடும். இடது கால் தானாக அழுத்த வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் செத்தது. அதன் திராட்டிலை இழுத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே, அதன் விசிறி இலைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்ப வேண்டும். வேகமானியின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வேகம் போனால் சுக்கானால் விமானத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. இத்தனையும் நடக்கும்போது கண் கருவியை விட்டு அகலக் கூடாது. செஸ்னாவில் ஆறு என்ன, அறுபது முறை அணுகினாலும் இதில் ஒன்றும் பயிற்சியாகாது.

பயணிகளை ஏற்ற மட்டும் அதே வகுப்பில் 90 நாளுக்குள் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் வேண்டும் என்கிறது வேறொரு விதி. பளிச்சென்ற பகல் வெயிலில், இரண்டு எஞ்சினும் ஓட, மூன்று முறை சுற்றி வந்தால் அது தீர்ந்தது. மேகத்துக்குள் ஒரு எஞ்சின் நிற்பதை இரண்டு விதியும் தொடவில்லை.

விமானிகள் ஏன் செஸ்னாவிலேயே கணக்கை முடிக்கிறார்கள்? இரட்டை எஞ்சினுக்கு வாடகை அதிகம். பாதுகாப்பு விமானியாகப் பக்கத்தில் உட்காரும் நண்பருக்கும் அந்த வகுப்புத் தகுதி வேண்டும். 2018இல் விதியைத் தளர்த்தி, அங்கீகாரம் பெற்ற தரைப் பயிற்சிக் கருவியிலும், விமானத்தில் போலவே, அதே ஆறு மாதக் கணக்கை முடிக்கலாம் என்றார்கள். இதைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடுதான், அங்கே எஞ்சினைப் பயமில்லாமல் நிறுத்திப் பார்க்கலாமே. ஆனால் அப்படி நிறுத்திப் பார் என்று சட்டம் கேட்பதில்லை. கேட்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான்: வருடத்துக்கு ஒரு முறை இரட்டை எஞ்சினில் பயிற்சி எடுத்த சான்றைக் காட்டு, இல்லாவிட்டால் பாலிசி இல்லை என்று.