எல்லை கடந்தாலும் உரிமை உரிமையே

(ஓய்வூதியர் தினத்தையொட்டி டிசம்பர் 17 அன்று நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1982ஆம் ஆண்டு இதே நாளில்தான் நகரா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் அரசின் கருணையும் அல்ல, கொடையும் அல்ல. உழைத்தவர் ஈட்டிய உரிமை என்பதே அத்தீர்ப்பின் சாரம். உரிமை என்றால், அது உரியவர் செல்லுமிடமெல்லாம் உடன்செல்ல வேண்டும். பிள்ளைகளின் பிழைப்பை ஒட்டி அயல்நாட்டில் ஆறு மாதம், ஓராண்டு என்று தங்க நேரும் முதியவர்களுக்கு அந்த உரிமை உடன்செல்கிறதா?

விதி தெளிவாகவே இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர் வெளிநாட்டில் வசிப்பதாலேயே ஓய்வூதியம் நின்றுவிடாது. ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தோர் அக்டோபரிலேயே அளிக்கலாம். இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட்டு அனுப்பவும் வழியுண்டு. 2014இல் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு முறை வந்தது. 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே, ஆதார் வழியாகச் சான்றளிக்க முடிகிறது.

ஆனால் நடைமுறை என்ன? நம் சங்கத் தோழர் ஒருவர் மறைந்தபின், அவருடைய துணைவியார் குடும்ப ஓய்வூதியம் பெற்று வந்தார். மகள் வீட்டுக்கு வெளிநாடு சென்றவருக்கு அங்கே இடுப்பெலும்பு முறிந்தது. தூதரகமோ பல மணி நேரப் பயணத் தொலைவில். கைபேசிச் செயலி அவர் முகத்தை ஏற்கவில்லை. டிசம்பரில் பணம் வரவில்லை. வங்கிக்குக் கடிதம் எழுதினால், நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. மூப்படைந்த ஒரு தாய், தாம் உயிரோடிருப்பதையே மன்றாடி மெய்ப்பிக்க நேர்ந்தது. பின்னர் சான்று சேர்ந்ததும் நிலுவை முழுவதும் கிடைத்தது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட மாதங்களில் மருந்துக்கும் மகளின் கையை எதிர்பார்த்து நின்ற அவமானத்திற்கு நிலுவை உண்டா?

இவ்வளவும் ஓய்வூதியம் உள்ளவர்களின் துயரம். அது அறவே இல்லாதவர்களையும் நாம் மறக்கலாகாது. வளைகுடா நாடுகளில் பாலமும் கோபுரமும் கட்டிய நம் தொழிலாளிகளுக்கு, அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய ஓய்வூதியம் கிடையாது. பணிக்கொடையோடு திரும்ப வேண்டியதுதான். அவர்களுக்கென 2012இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனாவை மோடி அரசு 2017இல் மூடிவிட்டது. கேரளமோ 2008இலேயே தனிச் சட்டமியற்றி, நல வாரியத்தின் வழியாக அவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கி வருகிறது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு இதுவே சான்று.

முதலாளித்துவ நாடுகளின் நியாயத்தையும் பாருங்கள். பிரிட்டனின் ஆலைகளில் உழைத்து, முதுமையில் பஞ்சாபுக்குத் திரும்பியவருக்கு அந்நாட்டு அரசு ஓய்வூதியம் வருகிறது. ஆனால் ஆண்டுதோறும் பிரிட்டனில் வழங்கப்படும் உயர்வு அவருக்கில்லை. அதே ஓய்வூதியர் அமெரிக்காவில் குடியேறினால் உயர்வு உண்டு! மூலதனம் எல்லையின்றிப் பறக்கிறது; உழைத்தவனின் உரிமை மட்டும் எல்லையில் தடுக்கப்படுகிறது.

இங்கோ, 2025 மார்ச்சில் நிதி மசோதாவோடு சேர்த்து, ஓய்வு பெற்ற நாளைக் கொண்டு ஓய்வூதியரைப் பிரிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தனக்கே அளித்துக்கொண்டது. நகரா தீர்ப்பு எதை மறுத்ததோ, அதையே கொல்லைப்புற வழியாகக் கொண்டுவந்துள்ளனர்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. முன்னறிவிப்பும் மாற்று வழியும் தராமல் எவருடைய ஓய்வூதியத்தையும் நிறுத்தக்கூடாது. நடமாட இயலாதோருக்குத் தூதரகமே காணொலி வழியாகச் சான்றளிக்க வேண்டும். புலம்பெயர்ந்த தொழிலாளிகளுக்கு ஒன்றிய அரசின் ஓய்வூதியத் திட்டம் வேண்டும். 2025ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்பிரிவு திரும்பப் பெறப்பட வேண்டும்.

நகரா தீர்ப்பு தானாகக் கனிந்து விழுந்ததல்ல. ஓய்வு பெற்றோர் வழக்காடிப் பெற்றது. பெற்றதைக் காக்கவும், பெறாதோர்க்குப் பெற்றுத் தரவும் ஒன்றுபட்டுப் போராடுவோம்.