ஷீட்டை மாற்றுவதற்கு முன்னால் போனை எடுங்கள்

(மழைக்காலம் தொடங்கும் முன் மண்ணூரில் பொதுமக்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் அதிகாரி இல்லைங்க. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து உங்களுக்குச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டு, பட்டா நகல் எடுத்துத் தருகிற ஆள். இன்னைக்குப் பேசப் போறது வேற விஷயம். புயல் காற்றிலோ ஆலங்கட்டி மழையிலோ வீட்டுக் கூரை உடைஞ்சு போனா, காப்பீட்டுப் பணத்தை எப்படிக் கேட்டு வாங்குறது? இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த நாள். காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. எங்க வீட்டு மாடியில் போட்டிருந்த சிமென்ட் ஷீட்டில் 11 ஷீட் உடைஞ்சு போச்சு. மறுநாளே உடைஞ்சதை அள்ளிக் கொட்டினோம். கடையில் பில் இல்லாமல் புது ஷீட் வாங்கிப் போட்டோம். இரண்டு மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, வீட்டுக் கடனோடு சேர்த்து வீட்டுக்கும் ஒரு காப்பீடு எடுத்திருக்காங்க என்று. ஓடிப் போய் விண்ணப்பித்தேன். பார்வையிட வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எது உடைஞ்சது, காட்டுங்க." காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. படம் இல்லை, பில் இல்லை, ஒரு துண்டு ஷீட்கூட இல்லை. கோரிக்கை தள்ளுபடி ஆனது. அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் எதைப் பார்த்து எழுதுவார்?

அதனால் முதல் வேலை, உங்களுக்குப் பாலிசி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் வங்கிக்குப் போய், "என் வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருக்கீங்களா, நகல் கொடுங்க" என்று கேளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கிற பாலிசி வேறு, கட்டடத்துக்கான பாலிசி வேறு. கூரைக்குப் பணம் தருவது இரண்டாவதுதான். நகல் கைக்கு வந்ததும் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிசி இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கு. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. தீ, இடி, புயல், சூறாவளி, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகைகூட வீட்டுக் கட்டடத்தோடு சேரும். 'ஆலங்கட்டி' என்ற சொல்லைத் தேடினால் தனியாகக் கிடைக்காமல் போகலாம். சித்திரை, வைகாசியில் இடி காற்றோடு கொட்டுகிற ஆலங்கட்டியைப் 'புயல், கடுங்காற்று' என்ற தலைப்பின் கீழ்தான் கேட்க வேண்டும். பாலிசி எடுக்கும்போதே இதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பாலிசி எடுக்கும்போது இரண்டு விஷயத்தில் உண்மையாக இருங்கள். ஒன்று, காப்பீட்டுத் தொகை என்பது வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. ஒரகடம் பக்கம் மனை விலை ஏறியிருக்கலாம். அந்த விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மண்ணைப் புயல் கொண்டு போகாது. இரண்டு, கூரை என்ன கூரை என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஓலை, தார்ப்பாய் போட்டதைக் கான்கிரீட் என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் அதுவே காரணமாகிவிடும். இங்கே கம்பெனி வேலைக்கு வந்து வாடகைக்கு இருக்கிற தம்பி, தங்கைகளும் கேளுங்க: கட்டடம் வீட்டுக்காரருடையது, உங்க டிவியும் ஃப்ரிட்ஜும் உங்களுடையது. வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் தனியாகக் காப்பீடு எடுக்கலாம்.

இப்போ கூரை உடைஞ்சிடுச்சுன்னு வைங்க. என்ன செய்வது?

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈர ஷீட் மேல் ஏறாதீர்கள். ஷீட் உடைந்து கீழே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பக்கத்து மாடியில் நின்று படம் எடுத்தால் போதும்.

இரண்டாவது, எதையும் நகர்த்தும் முன் போனை எடுங்கள். வீட்டு வாசலில் தொடங்கி, கதவு எண் தெரியும்படி உள்ளே நடந்து, கூரை வரைக்கும் நிறுத்தாமல் ஒரு வீடியோ. பிறகு படங்கள்: தூரத்தில் இருந்து ஒன்று, உடைந்த ஒவ்வொரு இடத்துக்கும் கிட்டத்தில் ஒன்று, தண்ணீர் இறங்கிய சுவர், நனைந்த பொருட்கள். ஆலங்கட்டி என்றால், அது கரையும் முன்பே ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், அளவு தெரியும். அரசு வீட்டுத் திட்டங்களுக்கு எடுப்பது போல இடமும் நேரமும் பதிகிற கேமரா செயலி இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். போனில் சொன்னாலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, கோரிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தைச் சீக்கிரம் கொடுங்கள், சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளைத் தாண்டக் கூடாது.

நான்காவது, மேலும் சேதம் ஆகாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு. தார்ப்பாய் கட்டுங்கள், பில் வாங்குங்கள். உடைந்த ஷீட்டை மட்டும் எங்கேயும் கொடுக்காதீர்கள். சர்வேயர் பார்க்கும் வரை ஓரமாக அடுக்கி வையுங்கள்.

சர்வேயர் உங்களுக்கு எதிரி இல்லை. அவர் பிரித்துப் பார்ப்பது ஒன்றைத்தான்: இது காற்றில் உடைந்ததா, பல வருஷமாகத் தேய்ந்து ஒழுகியதா? நாள்பட்ட தேய்மானத்துக்குக் காப்பீடு கிடையாது. அவர் வரும்போது கொத்தனாரிடம் வாங்கிய மதிப்பீடு, வீட்டு வரி ரசீது, செய்தித்தாள் துணுக்கு இவற்றைத் தயாராக வையுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகள்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை வர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்துக் கேளுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள். அரசு நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 6,000 ரூபாய் கொடுத்தது நினைவிருக்கும். அந்த உதவி அடுப்பு எரிய. கூரையைத் திரும்பப் போட அது போதாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

தள்ளுபடி செய்தால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் 'பீமா பரோசா' இணையதளம், அல்லது 155255 என்ற எண். அதற்கும் மேலே காப்பீட்டு குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. தள்ளுபடி ஆகி ஓராண்டுக்குள் போக வேண்டும். 2017-இல் இதெல்லாம் எனக்குத் தெரியாது. கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

மிக்ஜாமில் எங்க மாடியில் மறுபடி 4 ஷீட் போனது. இந்த முறை துடைப்பத்தை எடுத்த என் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, போனை எடுத்தேன். பணம் வந்தது. பில் இல்லாத கூலியை மட்டும் கழித்துவிட்டார்கள். அதுவும் என் தப்புதான்.

கடைசியாக ஒன்று. புயல் அன்றைக்கு எடுக்கிற படத்தைவிட முக்கியமானது, வெயில் அடிக்கும் நாளில் எடுக்கிற படம். கூரை நன்றாக இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஐப்பசி பிறக்கும் முன், வீட்டுக்குப் போனதும், கூரையை உள்ளேயும் வெளியேயும் நாலு படம் எடுங்கள். பிள்ளைகள் போனுக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள். போனும் நனையும் இல்லையா?