ஓடைக்கரைச் சொத்தைக்களாவும் சஸ்பென்ஸ் கணக்கும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாத உறுப்பினர்கள் கேட்டதால் இங்கே எழுத்து வடிவில் தருகிறேன்.)



நான் பி.காம். படித்தவன். 34 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். செடி கொடியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். ஒரே ஒரு தகுதிதான் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த ஒரு தப்பு.

அப்போது நான் சங்கத்தின் பொருளாளர். நம் குடியிருப்பின் மேற்கு ஓரம் செம்மண் ஓடை இருக்கிறது அல்லவா, அதன் தெற்குக் கரையில் இருந்த புதரை எடுக்க ஜேசிபி வைத்தோம். பாம்பு வருகிறது என்று புகார், நியாயமான புகார்தான். வவுச்சரில் "முட்புதர் அகற்றிய கூலி" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தேன். மறுநாள் ஆடு மேய்க்க வரும் ஆயா என்னைப் பார்த்து, "என்னா சார், சொத்தக்களாவ எல்லாம் சாச்சிட்டீங்க? புள்ளைங்க பறிச்சித் தின்னுமே" என்றார். எனக்கு அந்தப் பெயரே தெரியாது. எல்லாம் ஒரே முள்ளாகத்தான் தெரிந்தது.

அந்த ஐப்பசி மழையில் தெற்குக் கரை சரிந்து, நடைபாதையின் ஓரக்கல் மூன்று ஓடைக்குள் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு செடியை எடுத்ததால் கரை விழுந்தது என்று சொல்ல மாட்டேன். மண்ணைப் பிடித்திருந்த வேர் மொத்தமும் போனதுதான் காரணம். புதரை எடுக்கக் கொடுத்ததைவிடக் கரையைச் சரிசெய்யக் கொடுத்தது அதிகம். இரண்டு வவுச்சரிலும் என் கையெழுத்துதான்.

இப்போது வடக்குக் கரையையும் சுத்தம் செய்யலாம் என்று அடுத்த கூட்டத்துக்குத் தீர்மானம் வருகிறது. நீங்கள் வாக்களிக்கும் முன் அங்கே என்ன நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

அந்த ஆயா சொன்ன பெயரைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். சொத்தைக்களாவின் தாவரவியல் பெயர் ஃப்ளகோர்சியா இண்டிகா. 17ஆம் நூற்றாண்டில் மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த ஃப்ளாக்கூர் என்பவரின் பெயரால் வந்தது. பக்கத்திலேயே புதுச்சேரியை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்தத் தொடர்பு கொஞ்சம் சுவாரஸ்யம்தான்.

இது எந்தக் குடும்பம் என்று பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய புத்தகங்களில் ஃப்ளகோர்சியேசி என்று ஒரு குடும்பம் இருக்கும். எங்கே சேர்ப்பது என்று தெரியாத மரங்களையெல்லாம் அதில் போட்டு வைத்திருந்தார்கள். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். 2002இல் இதைப் பற்றி மரபணு ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதிய தாவரவியலாளர்கள், அதன் தலைப்பிலேயே "சந்தேகம் வந்தால் ஃப்ளகோர்சியேசியில் போடு" என்ற பொருளில் கேலி செய்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பிரித்துப் பைசல் செய்தபோது சொத்தைக்களா போய்ச் சேர்ந்த இடம் வில்லோ மரக் குடும்பம், அதாவது சாலிகேசி. கிரிக்கெட் மட்டை செய்கிற வில்லோவுக்கும் நம் ஓடைக்கரை முள்செடிக்கும் ஒரே குடும்பப் பெயர்!

பழைய கணக்கிலிருந்து எல்லாமே இங்கே வரவில்லை. குஷ்டரோகத்துக்கு ஒரு காலத்தில் எண்ணெய் எடுத்த நீரடிமுத்து வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. அதன் காய் மரக்கட்டை போல் கெட்டியான உருண்டை, உள்ளே நிறைய விதை. மீனைக் கொல்லும் விஷம் உள்ளது. ஆகவே "ஒரே இனம், தின்னலாம்" என்று யாரும் வாயில் போட வேண்டாம்.

இந்தக் குடும்பத்தின் காயும் விதையும் ஒன்றுபோல் இருக்காது. மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் சுலபம்.

முதல் வகை, பஞ்சு விதை. வில்லோவும் பாப்லரும் இதில் வரும். சின்னக் காய் முற்றி வெடிக்கும். உள்ளே பட்டு போன்ற முடியோடு பொடி விதைகள் காற்றில் பறக்கும். நம் மலைப்பக்க ஆற்றங்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலை இந்த வகை. அதன் அறிவியல் பெயரில் உள்ள 'டெட்ராஸ்பெர்மா' என்பதற்கே நான்கு விதை என்றுதான் பொருள். இந்த விதைகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. ஈரமண்ணில் சீக்கிரம் விழாவிட்டால் முளைக்காது.

இரண்டாவது வகை, வெடித்து வண்ணம் காட்டுவது. கடிச்சை மரம் இப்படி. காய் மூன்றாகப் பிளந்து, சிவந்த சதை போர்த்திய விதைகள் தெரியும். பறவைகளுக்கு அது விருந்து. ஆனால் காயை இடித்து மீனை மயக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நமக்கு அது விருந்தல்ல.

மூன்றாவது வகை, வெடிக்காத சதைப்பழம். நம் சொத்தைக்களா இது.

இதைப் பெரும்பாலோர் களாக்காய் என்று நினைத்துவிடுகிறார்கள். பெயரிலேயே களா இருக்கிறது, இரண்டுக்கும் முள், இரண்டின் பழமும் கறுத்துப் பழுக்கும். ஆனால் களாவுக்கும் இதற்கும் உறவே இல்லை. களா அரளிக் குடும்பம். வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம்.

ஒன்று, ஒரு கொழுந்தைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வந்தால் களா. சொத்தைக்களாவில் பால் வராது.

இரண்டு, இலையைப் பாருங்கள். களாவில் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும், விளிம்பு வழவழப்பாக இருக்கும். சொத்தைக்களாவில் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக இருக்கும், விளிம்பில் ரம்பப்பல் தெரியும்.

மூன்று, பழத்தின் நுனி. சொத்தைக்களாப் பழத்தின் தலையில் பூவின் சூல்தண்டுகள் உதிராமல் சின்னக் குச்சிகளாக, நட்சத்திரம் போல் ஒட்டியிருக்கும். களாவில் அது இருக்காது. எனக்கு இதுதான் கையெழுத்துச் சரிபார்ப்பு மாதிரி. இதைப் பார்த்தால் போதும்.

நான்கு, பழத்தை நறுக்குங்கள். சொத்தைக்களாவில் ஐந்து முதல் பத்து வரை தட்டையான, சுருக்கம் விழுந்த விதைகள் நெருக்கி அடுக்கியிருக்கும். களாவின் காயை நறுக்கினால் பால் கசியும்.

பழத்தை உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினால் துவர்ப்பு குறைந்து இனிக்கும் என்று அந்த ஆயா சொன்னார். செய்து பார்த்தேன், உண்மைதான். ஆனால் அடையாளம் உறுதியான பிறகுதான் வாய். வாயால் அடையாளம் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. இந்தச் செடியில் பெரும்பாலும் ஆண் தனி, பெண் தனி. காய்க்காத செடி வீண் செடி என்று ஆண் செடியை எல்லாம் எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் பெண் செடியும் காய்க்காது. பற்று இல்லாமல் வரவு எப்படி வரும்?

அடையாளம் தெரியாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காஷ்மீரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே "ரஷ்யன் பாப்லர்" என்று ஒரு மரத்தைப் பெருமளவில் நட்டார்கள். உண்மையில் அது வட அமெரிக்க மரம், பெயரே தப்பு. வசந்த காலத்தில் பெண் மரங்களிலிருந்து பஞ்சு பறக்கும். அதுதான் தும்மலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் காரணம் என்று மக்கள் நம்பினார்கள். 2015இல் உயர்நீதிமன்றம் பெண் மரங்களை வெட்ட உத்தரவிட்டது. 2020இல் கொரோனா பயத்தில் வெட்டு இன்னும் வேகமானது. ஆனால் அந்தப் பஞ்சு மகரந்தம் அல்ல, விதையின் முடி. மகரந்தம் வருவது ஆண் மரத்திலிருந்து. அதே பருவத்தில் புல்லும் மற்ற மரங்களும் கண்ணுக்குத் தெரியாமல் மகரந்தம் விடுகின்றன. கண்ணுக்குத் தெரிந்தது பஞ்சு. பழி அதன்மேல் விழுந்தது. ஒரு விதையைச் சரியாகப் பார்க்காததற்கு ஊர் ஊராக மரங்கள் விலை கொடுத்தன.

நம் அளவு சிறியது. ஆனால் நம் வடக்குக் கரையும் சாதாரண இடம் அல்ல. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோவில் காட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் இந்தக் கடற்கரைச் செம்மண் மேட்டில் அந்த மாதிரி உலர் பசுமைமாறாக் காடு பரவியிருந்தது. சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட இடங்களில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. காயா, வீரை, உலக்கைப்பாலை, சொத்தைக்களா எல்லாம் அந்தக் காட்டு இனம். நம் ஓடைக்கரைப் புதர் அதன் ஒரு சிட்டிகை மிச்சம்.

பாம்பு பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. என் வீட்டிலும் பேரக்குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஆகவே என் யோசனை இதுதான். நடைபாதையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குக் கையால் வெட்டிச் சுத்தம் செய்வோம். சீமைக்கருவேலத்தை எடுத்துவிடுவோம். கரையின் சரிவில் ஜேசிபி இறங்க வேண்டாம். அதற்கு முன் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எல்லோரும் நடந்து, ஒவ்வொரு செடிக்கும் பெயர் எழுதி ஒரு பதிவேடு போடுவோம். அந்த ஆயாவையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றார். பெயர் தெரியாத செடிக்கு எதிரே "தெரியவில்லை" என்று எழுதுவோம். தெரிகிற வரைக்கும் அதில் கை வைக்க வேண்டாம்.

போன மே மாதம் வடக்குக் கரையில் பறித்த பழத்திலிருந்து பத்து விதை எடுத்துத் தொட்டியில் போட்டேன். மூன்று முளைத்திருக்கின்றன. தெற்குக் கரையில் வைக்க ஆசை. ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. அதுவரை அவை என்னிடம் சஸ்பென்ஸ் கணக்கில்தான் இருக்கும்.