இருபது பேர் சேர்ந்தால் போதும்



"கூட்டுறவு தொடங்க யார் உதவுவார்கள்? பணம் எங்கே கிடைக்கும்?" இதுதான் உங்களில் பலரின் கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். உங்களில் எத்தனை பேர் கூட்டுப் பணம் கட்டுகிறீர்கள்?

மாதம் நூறு, இருநூறு வெள்ளி என்று ஓர் அக்காவிடம் கொடுக்கிறோம். ரசீது கிடையாது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அந்தப் பணம்தான் கை கொடுக்கிறது. ஆனால் அந்த அக்கா ஒருநாள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால் யாரிடம் போய்க் கேட்பது? கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆக, சேமிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் நம்பும் மனமும் இருக்கிறது. இல்லாதவை பதிவும் கணக்கும்தான். அந்த இரண்டையும் தருவது கூட்டுறவு.

இது நமக்குப் புதிதல்ல. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் வெட்டியவர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1986இல் நாட்டில் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுகள் முடக்கப்பட்டன. ஏழைகளின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. கணக்கைக் கேட்காத உறுப்பினருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே அதன் பாடம்.

இனி வழிமுறைக்கு வருவோம். 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் ஒரு காலத்தில் 100 பேர் தேவைப்பட்டார்கள், பிறகு 50 ஆனது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 20 ஆகக் குறைத்துவிட்டது. ஓர் அடுக்குமாடியின் இரண்டு மாடிகளில் 20 பேர் கிடைக்க மாட்டார்களா?

முதலில், என்ன தொழில் என்று முடிவு செய்யுங்கள். அரிசி, எண்ணெயை மொத்தமாக வாங்கிப் பகிர்வதா, சமையல் ஆர்டர் எடுப்பதா, துப்புரவுக் குத்தகையா? அடுத்து, ஓர் அமைப்புக் குழுவைத் தேர்ந்தெடுத்து எஸ்.கே.எம். எனப்படும் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் மாநில அலுவலகத்துக்குச் செல்லுங்கள். துணை விதிகள், தொடக்கப் பொதுக்கூட்டம், பதிவு எல்லாவற்றுக்கும் அங்கேதான் வழிகாட்டுவார்கள். கணக்கு, நிர்வாகப் பயிற்சிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் மலேசியக் கூட்டுறவுக் கழகம் இருக்கிறது. 1956இல் தொடங்கிய மக்தாப் கொப்பராசிதான் அது. நாட்டிலுள்ள கூட்டுறவுகளின் தலைமை அமைப்பு 1971இல் உருவான அங்காசா.

கடன்? பதிவு பெற்ற கூட்டுறவுகளுக்கு எஸ்.கே.எம்.மின் சுழல்நிதி உண்டு. ஆனால் கடனை நம்பித் தொடங்காதீர்கள். 20 பேர் மாதம் 50 ரிங்கிட் போட்டால் ஓராண்டில் 12,000 ரிங்கிட். அதுவே நல்ல தொடக்கம். பதிவுக்கு முன் பங்குப் பணத்தைத் தனி ஒருவர் கணக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

முகப்பில் நிற்கக் கூச்சப்படாதீர்கள். பாரங்கள் மலாய் மொழியில் இருக்கும், படித்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தத் தலைவரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். "பிறகு வாருங்கள்" என்றால், என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். இது சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை.

பதிவானதோடு வேலை முடிந்துவிடாது. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்குதான், ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்குதான். அந்த வாக்கைப் பயன்படுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல், தணிக்கை அறிக்கையைக் கையில் வாங்கிக் கேள்வி கேளுங்கள். கேட்பவரைப் பகையாளி என்று நினைக்காதீர்கள். அவர்தான் உங்கள் பணத்துக்குக் காவல்.

இன்றிரவே ஒரு தாளில் உங்கள் பெயரை முதலில் எழுதுங்கள். மீதி 19 பேரை உங்கள் மாடியில் தேடுங்கள்.