கல்லாப் பெட்டியும் சட்டப் புத்தகமும்

(கட்சியைச் சார்ந்த வணிகர்கள், சிறுதொழில் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

  

தொழிலாளர் கூட்டத்திலே பேசிப் பழகியவன் நான். அங்கே 'முதலாளி' என்று சொல்லி முடிப்பதற்குள் கையொலி கிளம்பிவிடும். இங்கே அந்தச் சொல்லைச் சொன்னேன், நாற்காலிகள் நெளிகின்றன! காரணம் புரிகிறது. மாலையிலே மேடையேறிப் பாட்டாளியின் உரிமைக்குப் பரிந்து பேசும் நாமே, காலையிலே கடைக் கதவைத் திறந்ததும் முதலாளி ஆகிவிடுகிறோம். நாலாயிரம் பேரை வைத்து வேலை வாங்குபவன் மட்டுமா முதலாளி? நாலு பேருக்குச் சம்பளம் எண்ணிக் கொடுப்பவனும் முதலாளிதான். ஆகவே, கொடி பிடிக்கும் கை, கூலியைப் பிடித்து வைக்கும் கையாகவும் இருக்கலாமா என்ற கேள்வியை, மாற்றார் நம்மைப் பார்த்துக் கேட்பதற்கு முன்பு, நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

நான் வழக்கறிஞன் அல்லன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே நிறுத்தியவன், நாடகம் எழுதுபவன். ஆகவே ஒரு சிறு காட்சி காட்டுகிறேன். இடம், ஜவுளிக் கடை. நேரம், காலை.

முதலாளி: கணக்கரே, தங்கம் இன்றைக்கு எப்படி?

கணக்கர்: ஏறியிருக்கிறது ஐயா.

முதலாளி: நூல் விலை?

கணக்கர்: இறங்கியிருக்கிறது. இரவே செய்தி வந்துவிட்டது.

பணிப்பெண்: ஐயா, எங்கள் கூலியை உயர்த்தி அரசாங்கம் ஆணை போட்டிருக்கிறதாமே?

முதலாளி: சட்டமெல்லாம் எனக்கென்ன அம்மா தெரியும்? நான் படிக்காதவன்!

தங்கத்திலே பண்டிதர், நூலிலே புலவர், கூலி என்றதும் எழுத்தறியாதவர்! அறியாமையிலே இரண்டு வகை உண்டு, தோழர்களே. கற்க வழியில்லாததால் வருவது ஒன்று, அது இரக்கத்திற்குரியது. கற்றால் காசு செலவாகும் என்பதால் வருவது மற்றொன்று. அது கணக்குப் போட்டுச் சேர்த்த அறியாமை!

மிகை என்று எண்ணவேண்டாம். 2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு சேவை வரி விகிதங்கள் மாறின. அன்று காலையிலேயே கடைக் கணினிகள் மாறின, பற்றுச்சீட்டுகள் மாறின. சரியாக அறுபது நாள் சென்று, நவம்பர் 21 அன்று, 29 பழைய மத்தியச் சட்டங்களை அகற்றிவிட்டு, கூலி, தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு பற்றிய நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. எத்தனை கடைகளிலே ஏடு மாறியது? வரிச் சட்டம் மாறினால் விழித்துக்கொள்ளும் கண், தொழிலாளர் சட்டம் மாறினால் உறங்குவானேன்?

அந்தத் தொகுப்புகள் என்ன சொல்லுகின்றன? சிலவற்றைச் சொல்லுகிறேன். வேலையை விட்டு விலகியவருக்கும், விலக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாள்களுக்குள் கூலிக் கணக்கைத் தீர்க்க வேண்டும். 'அடுத்த மாதம் வா' என்ற பழைய பல்லவிக்கு இடமில்லை. பத்துப் பேர் பணிபுரியும் நிறுவனமானால், பணி நியமனக் கடிதம் எழுத்திலே தரவேண்டும். அடிப்படைச் சம்பளத்தைச் சுண்டைக்காய் அளவு காட்டி, மீதியைப் படி என்று பெயரிட்டு, வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் குறைக்கும் தந்திரம் இருந்ததே, அதற்கும் வேலி போட்டாகிவிட்டது. கூலிக் கணக்கில் சேராத படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை கூலியோடு சேரும். குறித்த காலத்திற்கென்று அமர்த்தப்பட்டவருக்கு ஓராண்டுப் பணியிலேயே பணிக்கொடை உண்டு.

'அந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றனவே!' என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். ஆம், எதிர்க்கின்றன. ஆட்குறைப்புக்கு முன் அனுமதி பெறவேண்டிய வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியதை எதிர்ப்பதிலே நியாயம் இருக்கிறது. ஆனால் எதிர்ப்பு என்பது தொழிலாளிக்குக் குறைவாகத் தருவதை எதிர்ப்பது. தரச் சொன்னதைத் தராமல் இருப்பதற்குப் போர்வை அல்ல! எதிர்ப்பவன் முதலில் படிக்கவேண்டும். படிக்காமல் எதிர்ப்பவனும், படிக்காமல் மீறுபவனும் ஒரே திண்ணையிலே உட்கார்ந்திருப்பவர்கள்தாம்.

உட்காருவது என்றதும் நினைவு வருகிறது. ஜவுளிக் கடைகளிலே, நகைக் கடைகளிலே, காலை முதல் இரவு வரை நின்றபடியே புன்னகைக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள். கேரளத்திலே அப்பெண்கள் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலே 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம், 2021இல் திருத்தப்பட்டது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வேண்டும், வேலையின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பது இப்போது சட்டம். அரியணை கேட்கவில்லை, தோழர்களே, ஆசனம் கேட்டார்கள்! ஒரு முக்காலிக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டதே என்று வெட்கப்படுவதா, சட்டம் வந்த பிறகும் முக்காலி வராத கடைகள் இருக்கின்றனவே என்று வேதனைப்படுவதா?

பெண்களின் மானம் காக்கும் சட்டமோ இன்னும் நீண்ட வழி நடந்து வந்தது. ராஜஸ்தானத்துச் சிற்றூரிலே, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பணிப்பெண்ணுக்கு 1992இல் கொடுமை இழைக்கப்பட்டது. அதையொட்டி, பணியிடத்திலே பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்சநீதிமன்றம் 1997இல் நெறிமுறை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2013இல். பத்துப் பேர் பணிபுரியும் இடமானால், பெண்ணொருவர் தலைமையிலே விசாரணைக் குழு அமைக்கவேண்டும். 'நம் கடையில் அப்படியெல்லாம் நடக்காது' என்பது பதில் ஆகாது. தீப்பிடித்த பிறகா கிணறு வெட்டுவது?

சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்கு வித்திட்டவர்கள் யார்? செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும், இருவரும் சிறுவணிகர்கள்! பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளரின் குறையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள், உங்களைப் போன்ற கடைக்காரர்கள். திரு.வி.க.வும் வாடியாவும் அதற்குத் துணை நின்றனர். பின்னர் ஆலை நிர்வாகம் நீதிமன்றம் சென்று, வாடியாவுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. அன்று சட்டம் ஆலையின் பக்கம் நின்றது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதே சட்டம் இடம் மாறி நின்றது. நேற்றுத் தெரிந்த சட்டத்தை வைத்து இன்று கடை நடத்த முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

'எல்லாம் சரி, கட்டுப்படியாகுமா?' என்பது கடைசிக் கேள்வி. கேள்வியை நான் ஏளனம் செய்யவில்லை. வாடகை உயர்ந்திருக்கிறது, போட்டி பெருகியிருக்கிறது, அறிவேன். ஆனால் ஸ்காட்லாந்து நாட்டிலே ராபர்ட் ஓவன் நடத்திய ஆலையை எண்ணிப் பாருங்கள். அவர் நியூ லானார்க் பஞ்சாலையை 1800இல் ஏற்றார். 1806இல், அமெரிக்கப் பஞ்சு வராமல், ஆலை நான்கு மாதம் நின்றது. இயந்திரங்களைத் துடைத்துப் பேணும் பணியைத் தந்து, முழுக் கூலியும் கொடுத்தார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். பிரிட்டிஷ் சட்டம் பஞ்சாலைகளில் ஒன்பது வயதை வரம்பாக்கியதோ 1819இல்தான். ஆலை மூழ்கவில்லை, இலாபம் ஈட்டியது! சட்டத்திற்கு முன்னே நடந்த முதலாளி அவர். சட்டத்தோடு நடக்கவாவது நம்மால் முடியாதா?

ஆகவே தோழர்களே, தீர்மானம் போட்டுக் கலைய நான் வரவில்லை. நான்கு வேலை தருகிறேன். ஒன்று, ஒவ்வொருவருக்கும் கூலியும் வேலை நேரமும் விடுமுறையும் எழுதிய கடிதம். இரண்டு, நடப்புக் கூலி ஆணையைத் தமிழிலே எழுதி, பணியாளர் கண்ணில் படும் சுவரிலே ஒட்டுதல். மூன்று, மாதம் ஒரு நாள், கடைவீதித் தோழர்கள் கூடி, புதிய ஆணைகளைப் படித்தல். புரியாததைத் தொழிலாளர் துறை அலுவலரிடம் கேட்டல். நான்கு, பணியாளர் கூலியிலிருந்து பிடித்த வைப்பு நிதியை நாள் தவறாமல் செலுத்துதல். பிடித்த பணம் நம் பணம் அன்று. அதைக் கட்டாமல் வைத்திருப்பது கடன் அன்று, நம்பிக்கை மோசடி என்றே சட்டம் கருதுகிறது.

கல்லாப் பெட்டியை நாள்தோறும் திறக்கிறோம். சட்டப் புத்தகத்தை மாதம் ஒரு முறையாவது திறப்போம். நம்மிடம் பணிபுரிபவர், மாலையிலே நம் கூட்டத்திற்கு வந்து, நம் பேச்சைக் கேட்டு, 'இவர் சொல்லுவது உண்மை, எனக்குத் தெரியும்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவேண்டும். அதைவிடப் பெரிய பிரசாரம் நமக்கு வேறு இல்லை.