ஷோ டான்ஸ் வேற, போட்டி டான்ஸ் வேற

இன்னைக்கு பால்ரூம் டான்ஸ். ஒரு ஜோடிக்கு ஸ்டெப்ஸ் கோர்த்துக் கொடுக்க உட்காரும்போது நான் கேட்கிற முதல் கேள்வி: "எங்க ஆடப்போறீங்க, மேடையிலயா போட்டியிலயா?" "ரெண்டுலயும்"னு பதில் வந்தா, ரெண்டு ரொட்டீன் வேணும்னு சொல்லிடுவேன். ஏன்னு பார்ப்போம்.

ஷோவுல பாட்டு நம்ம கையில. எங்க வயலின் ஏறும், எங்க அமைதியாகும்னு முன்னாடியே தெரியும். தளத்துல நீங்க ரெண்டு பேர் மட்டும்தான். பிபிசியில 2004ல தொடங்கின 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' பார்த்திருப்பீங்க. ஒரு ஆட்டம் ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம். அதுக்குள்ள ஒரு தொடக்கம், ஒரு உச்சம், ஒரு முடிவு. இறுதிச் சுற்று ஷோடான்ஸ்ல துணையைத் தூக்கிச் சுழற்றவும் செய்யலாம்.

இப்போ பிளாக்பூல் போவோம். அங்கே எம்ப்ரஸ் பால்ரூம்ல 1920லேர்ந்து நடக்கிற டான்ஸ் விழா, போட்டி ஆடுறவங்களோட பெரிய கனவு. இந்த மாதிரிப் போட்டியில என்ன பாட்டுன்னு இசை தொடங்கினாத்தான் தெரியும். வேகம் மட்டும் தெரியும். வால்ட்ஸ்னா நிமிஷத்துக்கு 28-லேர்ந்து 30 பார், அவ்வளவுதான். கூடவே பல ஜோடிகள், எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்திட்டு இருப்பாங்க. தூக்குறதுக்கு அனுமதி கிடையாது. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் மாதிரி ஸ்டாண்டர்ட் நடனங்கள்ல பிடியையும் விடக்கூடாது.

அதனால கதையா எழுத முடியாது. துண்டு துண்டாத்தான் கோர்க்கணும். நீளப் பக்கத்துக்கு ஒண்ணு, குறுகிய பக்கத்துக்கு ஒண்ணு, மூலைக்கு ஒண்ணு. வால்ட்ஸ்ல மூலை திரும்ப நேச்சுரல் ஸ்பின் டர்ன் அருமையா உதவும். முன்னாடி ஒரு ஜோடி வழிமறிச்சா எந்தப் பக்கம் விலகணும்னும் சேர்த்தே பழகணும்.

நடுவர்கள் பக்கம் வாங்க. ஆரம்பச் சுற்றுகள்ல அடுத்த சுற்றுக்கு யார் வரணும்னு குறிக்கிறதுதான் அவங்க வேலை. ஒவ்வொரு ஜோடி மேலயும் சில நொடிகள்தான் கண் படும். கடைசி இருபது நொடியில அசத்தலாம்னு வச்சிருந்தா, அப்போ அவங்க வேற ஜோடியைப் பார்த்துட்டு இருக்கலாம். அதனால தாளம், உடல் நிமிர்வு, பாதம் எல்லாம் முதல் பார்லேர்ந்தே பேசணும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பாசோ டோப்ளே. 'எஸ்பானா கான்யி' இசையில எங்கெல்லாம் அதிரடியா ஓங்கும்னு ஆடுறவங்களுக்கு அத்துப்படி. அதனால போட்டியிலயும் அதை ஷோ மாதிரி கோர்க்கலாம்.

இதையெல்லாம் கவனிக்காம ஷோ ரொட்டீனை அப்படியே போட்டிக்கு எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்? தளத்து நடுவுல பெண் பின்னால சாய்ஞ்சு போஸ் கொடுக்கிற நேரத்துல இன்னொரு ஜோடி வேகமா வந்துட்டிருக்கும். முழங்கை முகத்துல படும், ஹீல் கால்ல ஏறும். மார்க் போறது அப்புறம், முதல்ல அடிபடுறது உங்க பார்ட்னர். போட்டி ரொட்டீனை மேடைக்குக் கொண்டுபோனா அடிபடாது. ஆனா ரெண்டு சுத்து முடிஞ்சதும் சபை ஃபோனை எடுத்துடும்.

உங்க ரொட்டீன் எதுக்கு ஏத்ததுன்னு சோதிக்க ஒரு வழி இருக்கு. கேட்டே இராத மூணு வால்ட்ஸ் பாட்டு போடுங்க, ஏதாவது ஒரு மூலையிலேர்ந்து தொடங்குங்க. மூணுக்கும் தடங்கல் இல்லாம ஆட முடிஞ்சா போட்டிக்குக் கிளம்பலாம். ஷோவுக்குன்னா வீடியோ எடுத்து, சத்தத்தை அணைச்சுட்டு ஒரு நண்பர்கிட்ட காட்டுங்க. "இவங்க ரெண்டு பேருக்குள்ள என்ன நடக்குது?"ன்னு கேளுங்க. அவங்க பதில் சொல்லிட்டா மேடை ஏறுங்க.