லொறி விபத்தும் கார் விபத்தும்: சட்டம் எவ்வாறு வேறுபடுகின்றது?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக நெடுங்காலம் இருந்தவன் நான். சட்டம் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும் வழக்கென்று படியேறி வந்தவர்களின் கண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் சில விஷயங்களை அறிந்துகொண்டேன். அவற்றைச் சொல்லும்படி உங்கள் காரியதரிசி கேட்டார். மறுக்க மனம் வரவில்லை.

ஓலைத்தொடுவாயிலிருந்து புறப்பட்டுத் தலைமன்னார் வீதியில் ஏறினால் நம் கண்ணிற் படுவன எவை? பேசாலையிலிருந்து மீனும் ஐசும் ஏற்றிக்கொண்டு மதவாச்சிப் பக்கமாக விரையும் லொறிகள். மணலும் கல்லும் சுமக்கும் டிப்பர்கள். இடையிடையே நம் தீவுக்கே உரிய கழுதைக் கூட்டங்கள். தென்கரையில் 2020ஆம் ஆண்டில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றின் பாகங்களைச் சுமந்த நெடிய வாகனங்களையும் இத்தீவு கண்டது. இவற்றுக்கு நடுவேதான் நம் பிள்ளைகள் சைக்கிளிற் பள்ளிக்கூடம் போகின்றார்கள். நம் வாலிபர் பலர் அந்த லொறிகளிலேயே சாரதியாகவும் கிளீனராகவும் பிழைக்கின்றார்கள். ஆதலின் இது நமக்குப் புறம்பான பேச்சன்று.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். குடும்பத்தைத் தாங்கிய ஒரு வாலிபன் இரவில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். லொறியொன்று அவனைக் கடந்து சென்றது. லொறி அவன்மேல் மோதவில்லை. அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த மரத்தடியொன்று அவனை அடித்து வீழ்த்திற்று. ஒரு கால் போயிற்று. அவன் வைத்தியசாலையிற் கிடக்கும்போதே யாரோ ஒருவர் வந்து, சிறு தொகையொன்றைக் கொடுத்து, "இனி எவ்வித உரிமையும் கோரமாட்டோம்" என்று எழுதிய கடதாசியில் தமையனிடம் கையொப்பம் வாங்கிச் சென்றார். சாரதி பரம ஏழை. அவன்மேல் வழக்கு வைத்து என்ன கிடைக்கப்போகின்றதென்று வீட்டார் வாளாவிருந்துவிட்டனர். பின்னர் யாரோ சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, விபத்து நடந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் கடந்திருந்தன. சட்டத்தரணி கடதாசிகளைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அந்தத் தமையன் செய்த தவறு என்ன? லொறி விபத்தையும் ஒரு கார் விபத்துப் போலவே எண்ணினார். ஓட்டியவன் ஒருவனே எதிரியென்று நினைத்தார். அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் நாட்டில் லொறிக்கொரு சட்டம், காருக்கொரு சட்டம் என்று இல்லை. இரண்டும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்கு அடங்கியவை. நஷ்டஈடு கோரும் உரிமை உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. அடிபட்டுவிட்டோம் என்று காட்டினால் மட்டும் போதாது. எதிரியின் கவனயீனத்தால் அடிபட்டோம் என்று நிரூபிக்க வேண்டும். பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கு, சாரதியைத் தண்டிப்பதற்கானது. நஷ்டஈட்டுக்கான வழக்கை நாமேதான் மாவட்ட நீதிமன்றத்திற் தொடுக்க வேண்டும். அதில் தண்டம் விதித்தாயிற்று, இனி இதுவும் தானாக வரும் என்று காத்திருப்போர் ஏமாந்துபோவார்கள்.

வைத்தியச் செலவு, இழந்த உழைப்பு, இனி இழக்கப்போகும் உழைப்பு, பட்ட வேதனை ஆகியவற்றுக்குக் காயப்பட்டவர் ஈடு கேட்கலாம். இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்தோர் தாம் இழந்த ஆதரவுக்கு ஈடு கேட்கலாம். ஆனால் பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்துக்கும் பிரிவுக்கும் 2019 வரை நம் சட்டம் விலை வைத்ததில்லை. 2001இல் நம் உயர் நீதிமன்றம் ஒரு வைத்தியக் கவனயீன வழக்கில் அவ்வாறே தீர்த்தது. கேட்கக் கசப்பாக இருக்கலாம். ஆனால் அறிந்திருப்பது நன்று.

சட்டம் ஒன்றாயின் வேறுபாடு எங்கே? நான்கு இடங்களில் என்பேன்.

முதலாவது, எதிரி யார் என்பது. காரைப் பெரும்பாலும் உடையவரே ஓட்டுவார். ஒருவர் மேல் வழக்கு, அத்தோடு முடிந்தது. லொறியின் கதை அப்படியன்று. ஓட்டுகின்றவர் சம்பளக்காரர். உடைமையாளர் வேறொருவர். சாமான் மூன்றாமவருடையது. ஏற்றியவர்கள் நான்காமவர்கள். பிரேக்கைத் திருத்தியவர் ஐந்தாமவர். வேலையாள் தன் வேலையின்போது செய்த கவனயீனத்துக்கு எசமானும் பொறுப்பாளி என்பது சட்டத்தின் பழைய நெறி. ஆதலின் ஏழைச் சாரதியோடு லொறி உடைமையாளரையும் எதிரியாக்கலாம். சாமானைச் சரியாகக் கட்டாமல் விட்டவர் வேறொருவராயின் அவரையும் சேர்க்கலாம். நான் சொன்ன வாலிபனின் வழக்கில் அந்த மரத்தடியை ஏற்றியவர் யாரென்று ஒருவருமே கேட்கவில்லை.

லொறியைச் சாரதியோடு வாடகைக்கு எடுத்தால் எசமான் யார்? எடுத்தவரா, கொடுத்தவரா? இங்கிலாந்தில் இது 1946இல் பிரபுக்கள் சபை வரை சென்றது. ஒரு துறைமுகச் சபை தன் பாரந்தூக்கியை ஓட்டுநரோடு வேறொரு கம்பனிக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தது. ஓட்டுநரின் கவனயீனத்தால் ஒருவர் காயப்பட்டார். வாடகைக்குக் கொடுத்த சபையே பொறுப்பென்று தீர்ப்பாயிற்று. ஓட்டுநர் தன் வேலையை எப்படிச் செய்யவேண்டுமென்று கட்டளையிடும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பதே அங்கே பார்க்கப்பட்டது. மீனுக்கு லொறி பிடிக்கும் முதலாளிமாரும், லொறி வைத்திருக்கும் முதலாளிமாரும் இதனை மனத்திற் கொள்ளல் நலம். இன்னொன்று: லீசிங்கில் எடுத்த வாகனத்தின் பதிவுப் பத்திரத்தில் நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். பெயர் இருக்கின்றதென்பதற்காக மட்டும் அந்நிறுவனம் சாரதியின் பிழைக்குப் பொறுப்பாகிவிடாது.

இரண்டாவது, சாட்சியம். கார் விபத்தில் வேகம், விளக்கு, பக்கம் என்பவற்றைக் கேட்பார்கள். லொறி விபத்தில் கேள்விகள் பெருகும். பாரம் எவ்வளவு? அனுமதித்த அளவுக்குள் இருந்ததா? கயிறும் படங்கும் சரியா? சாமான் வெளியே நீட்டி நின்றதா? வருடந்தோறும் எடுக்கவேண்டிய தகுதிச் சான்றிதழ் இருந்ததா? தனியார் காருக்கு அப்படியொரு சான்றிதழ் வேண்டியதில்லை, லொறிக்கு வேண்டும். பார வாகனம் ஓட்டும் வகுப்புக்குரிய அனுமதிப்பத்திரம் சாரதியிடம் இருந்ததா, அல்லது கார் ஓட்டும் அனுமதியோடு ஏறிவிட்டாரா? எத்தனை மணித்தியாலம் உறங்காமல் ஓட்டினார்? அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கேற்றும் சாரதி, 10 மணித்தியால ஓய்வுக்குப் பின் 11 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாதென்று விதியிருக்கின்றது. அங்கே நேரக் கணக்கே ஒரு பெருஞ் சாட்சி.

இவற்றை ஏன் இவ்வளவு நுணுகிப் பார்க்கவேண்டும்? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகின்றது. ஒரு தொன் காரும் பத்துத் தொன் லொறியும் அதே வேகத்தில் வந்தால், லொறியின் மோதுவலு பத்து மடங்கு. பாரம் கூடக்கூட நிறுத்துவது கடினம். கவனத்தின் அளவும் அதற்கேற்பக் கூடவேண்டும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். சான்றிதழ் காலாவதியாயிற்று என்று காட்டினால் மட்டும் வழக்கு வென்றுவிடாது. அந்தக் குறைதான் விபத்தை விளைவித்தது என்று தொடுத்துக் காட்டவேண்டும். பிரேக் பழுது என்றால், பிரேக் பிடியாமையாலேயே மோதியது என்று காட்டவேண்டும்.

இந்தச் சாட்சியம் நிலைத்து நிற்பதும் அன்று. மீன் லொறி ஐஸ் கரையுமுன் போகவேண்டும், சாமான் வேறு லொறிக்கு மாற்றப்படும், கயிறு அவிழ்க்கப்படும். இன்று எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கின்றது. காயப்பட்டவரை வைத்தியசாலைக்கு அனுப்பிய பின், சாமானை அவிழ்க்குமுன் நான்கு படம் எடுத்துவிடுங்கள். மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்குமுன் வாகனத்தைத் திருத்த விடக்கூடாதென்று பொலிசாரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, வாகனத்தில் இருந்தவர்கள். இதுவே நம் வாலிபரை மிகவும் தொடுவது. சாரதியும் கிளீனரும் காயப்பட்டால் அவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. அதுதான் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். வேலையின்போது வேலை காரணமாகக் காயம் நேர்ந்தால், எசமானின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்திற்று. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்கீழும் பணம் பெற்று, அதே எசமான் மேல் நஷ்டஈட்டு வழக்கும் வைக்க முடியாது. எது நன்மை என்று கேட்டறிந்தபின் வழியைத் தெரியவேண்டும். நிரூபிக்கக்கூடிய கவனயீனமும் பெருங்காயமும் உள்ளவிடத்து வழக்கு நன்றாகலாம். கவனயீனம் ஐயமாயின் தொழிலாளர் சட்டமே கைகொடுக்கும்.

இனி, சும்மா ஏறிச் செல்வோர். "அண்ணை, சந்தியில இறக்கி விடுங்கோ" என்று சாமான் மேல் ஏறிக்கொள்ளும் தம்பிமாரே, கேளுங்கள். 1946இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கம்பனி தடுத்திருந்தும் சாரதி ஒருவரை ஏற்றினார். அவர் விபத்தில் இறந்தார். கம்பனி பொறுப்பன்று என்றார்கள். 1976இல் இன்னொரு வழக்கு. பால் வண்டிக்காரர், கம்பனியின் தடையை மீறி, 13 வயதுச் சிறுவனைத் தமக்கு உதவியாக வைத்திருந்தார். சிறுவன் காயப்பட்டான். அங்கே கம்பனியே பொறுப்பென்று தீர்ந்தது. ஏனெனில் சிறுவன் ஏறியிருந்தது கம்பனியின் வேலைக்காகவே. இந்தியாவின் உயர்ந்த நீதிமன்றம் 2002இல் கூறியதோ இன்னும் கடுமை: சரக்கு வாகனத்திற் சும்மா ஏறிச் சென்றவருக்குக் காப்புறுதிக் கம்பனி பணம் கொடுக்கக் கடமைப்பட்டதன்று. காரின் ஆசனத்தில் இருப்பவருக்கும் லொறியின் சாமான் மேல் இருப்பவருக்கும் சட்டத்தின் கண்ணில் இவ்வளவு தூரம் உண்டு. திருவிழாவுக்கு லொறி பிடித்து ஊரோடு ஏறிப்போகும் நாமும் இதனைச் சிந்திக்கவேண்டும்.

நான்காவது, காப்புறுதி. வீதியில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் ஆள் காப்புறுதி கட்டாயம். நீதிமன்றம் நஷ்டஈடு விதித்தால், அந்தக் கட்டாயக் காப்புறுதிக்குள் அடங்கும் பொறுப்பைக் கம்பனி தீர்க்கவேண்டும். ஆனால் வழக்கைப் பற்றிய அறிவித்தல் உரிய காலத்திற் கம்பனிக்குக் கிடைத்திருக்கவேண்டும். இல்லையேல் தீர்ப்புக் கையில் இருக்கும், பணம் இராது. லொறியால் நேரும் காயம் பெரிது. ஆதலின் கேட்கும் தொகையும் பெரிது. ஆதலின் கம்பனி சளைக்காமல் எதிர்த்து வழக்காடும். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சாதாரண சரக்கேற்றும் பார லொறிக்குக் குறைந்தது ஏழரை இலட்சம் டொலர் காப்புறுதி வேண்டுமென்று தனி விதியே செய்திருக்கின்றார்கள்.

நம் பக்கத்துப் பிழையையும் மறைக்கக்கூடாது. வெளிச்சமில்லாத சைக்கிள், வீதியில் அவிழ்த்துவிட்ட மாடு, மதுபோதை இவையெல்லாம் எதிரிக்கு ஆயுதமாகும். முன்னாளில் அடிபட்டவர் பக்கத்துப் பிழை வழக்கையே கவிழ்த்துவிடக்கூடியதாக இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதனை மாற்றிற்று. இப்போது நீதிபதி பிழையைப் பங்கிட்டு அதற்கேற்ப ஈட்டைக் குறைப்பார். ஆகவே "என் பேரிலும் பிழை இருக்கு" என்று பயந்து வழக்கையே கைவிட வேண்டியதில்லை.

அன்பர்களே, முடிவாக மூன்று சொற்கள். வைத்தியசாலைக் கட்டிலில் எந்தக் கடதாசியிலும் கையொப்பமிடாதீர்கள். சட்டத்தரணி ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை பொறுங்கள். வாகன இலக்கம், உடைமையாளர், சாமான்காரர், காப்புறுதிக் கம்பனி ஆகிய நான்கையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி நஷ்டஈட்டு வழக்குக்கு இரண்டே வருடம் என்பதை மறவாதீர்கள். கையிற் பணமில்லையே என்று தயங்குவோருக்கு, 1978இல் இயற்றிய சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. அதன் கதவைத் தட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வாசிகசாலையில் ஒரு கொப்பி வையுங்கள். ஊரில் யாருக்காவது விபத்து நேர்ந்தால், தம்பிமார் இருவர் அன்றே சென்று இவ்விவரங்களை அதில் எழுதிவைக்கட்டும். பக்கத்தின் தலையில் விபத்து நடந்த திகதியையும், அதன்கீழே இரண்டு வருடம் முடியும் திகதியையும் சிவப்பு மையால் எழுதுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அயலவன்மேல் அக்கறை வேண்டும். அந்த வாலிபனின் ஊரில் அப்படியொரு கொப்பி இருந்திருந்தால், என் சட்டத்தரணி அன்று கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கமாட்டார். பேனையைக் கையில் எடுத்திருப்பார்.